சீட்டாட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிய சட்ட மாணவர்: போர்ட்ஸ்மவுத்தில் காந்திக்கு என்ன நடந்தது?

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் ஒரு துறைமுக நகரம். பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியமான தளம். அங்கே ஒரு வீட்டில், ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு இரண்டு இந்தியர்கள் சீட்டாட உட்காருகிறார்கள். வீட்டுக்காரப் பெண்மணியும் கூடச் சேர்ந்துகொள்கிறார். சீட்டைக் கலைத்துப் போட்டு, ஆளாளுக்குக் கிண்டலடித்து, சிரித்து... வெளிநாட்டில் ரூம் எடுத்துத் தங்கிப் படித்த யாருக்கும் இந்த மாதிரி ஒரு சாயங்காலம் தெரிந்திருக்கும்.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இருபது, இருபத்தொரு வயது. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஆட்டம் முடிவதற்குள் அவர் எழுந்து தன் அறைக்கு ஓடிவிட்டார். அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை. இதை யாரோ கிளப்பிவிட்ட கிசுகிசு என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, நாடே அவரை மகாத்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், காந்தியே தன் சுயசரிதையில் எழுதிய விஷயம் இது. உப்புச் சத்தியாகிரகமும் தண்டியும் எல்லோருக்கும் தெரியும். இந்தச் சீட்டாட்டத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

மூன்று சத்தியங்கள்

அந்த ராத்திரி புரிய வேண்டுமென்றால், 1888-ம் ஆண்டு ராஜ்கோட்டுக்குப் போக வேண்டும்.

காந்தி மெட்ரிகுலேஷன் முடித்து, பவநகரில் இருந்த சாமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் ஒன்றும் ஏறவில்லை. ஒரு டேர்முடன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அப்பா கரம்சந்த் 1885-லேயே இறந்துபோயிருந்தார். அப்போது குடும்ப நண்பர் மாவ்ஜி தவே ஒரு யோசனை சொன்னார்: இங்கே டிகிரிக்காக வருஷக்கணக்கில் மெனக்கெடுவதை விட, லண்டன் போனால் மூன்று வருஷத்தில் பாரிஸ்டர் ஆகிவிடலாம். பையன் உடனே தயார். பெரியண்ணன் லட்சுமிதாஸ் பணத்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அம்மா புத்லிபாய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சீமைக்குப் போன பையன்கள் கறி சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், கெட்டுப்போகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். கடைசியில் பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி ஒரு வழி சொன்னார். அவர் முன்னிலையில் காந்தி மூன்று சத்தியம் செய்து கொடுத்தார். மதுவைத் தொடமாட்டேன், மாமிசம் சாப்பிடமாட்டேன், வேறு பெண்ணிடம் போகமாட்டேன். அதன் பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

இதைச் சும்மா ஒரு சம்பிரதாயமாக நினைக்க முடியாது. காரணம், காந்தியின் பழைய கதை அப்படி. பள்ளி நாட்களில் ஒரு நண்பனின் பேச்சைக் கேட்டு வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறார். அதே நண்பன் அவரை ஒரு பாலியல் விடுதிக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்த பையனை அந்தப் பெண்ணே திட்டி வெளியே அனுப்பிவிட்டாள். அதாவது, நண்பர்கள் இழுத்தால் இழுத்த பக்கம் போகிற சுபாவம் தனக்கு உண்டு என்பது சத்தியம் செய்யும்போதே அவருக்கு நன்றாகத் தெரியும்.

பம்பாய்க்கு வந்தால் அங்கே சாதிக்காரர்கள் கூட்டம் போட்டுத் தடுத்தார்கள். மோத் பனியா சாதியில் அதுவரை யாரும் இங்கிலாந்து போனதில்லை. கடல் தாண்டுவது பாவம் என்றார்கள். பையன் கேட்கவில்லை. சாதியை விட்டுத் தள்ளிவைத்தார்கள். அவருக்கு உதவி செய்தாலோ, வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனாலோ ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அண்ணன் கொடுத்துவைத்திருந்த பணத்தைச் சாதிக்குப் பயந்த உறவினர் தர மறுக்க, வேறொரு நண்பரிடம் கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தார். 1888 செப்டம்பர் 4-ம் தேதி கப்பல் கிளம்பியது. வீட்டில் மனைவி கஸ்தூர்பாவும், பிறந்து சில மாதங்களே ஆன மகன் ஹரிலாலும்.

தொப்பி, டான்ஸ், வயலின்

லண்டன் வாழ்க்கையின் ஆரம்பம் பசியும் வீட்டு நினைப்புமாகப் போனது. வேகவைத்த காய்கறி உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக்கூடக் கூச்சம். ராத்திரியில் அம்மா ஞாபகம் வந்து அழுதிருக்கிறார்.

கூட இருந்த ஒரு நண்பருக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம், இந்த ஊர் நிலவரம் தெரியாமல் செய்துகொடுத்த சத்தியத்துக்குச் சட்டப்படி என்ன மதிப்பு என்று வாதாடினார். சட்டம் படிக்க வந்தவரிடமே சட்டம் பேசினார்! காந்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முடியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்த நண்பர் அவரை ஹோல்பார்ன் ரெஸ்டாரன்டுக்கு விருந்துக்குக் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய இடத்தில் கூச்சப்பட்டுப் பேசாமல் சாப்பிட்டுவிடுவார் என்று கணக்கு. காந்தி சூப்பில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்ப, நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நாகரிகமாக நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். பக்கத்தில் இருந்த சைவ ஹோட்டல் மூடியிருந்தது. அன்று பட்டினி. ஆனாலும் ராத்திரி இருவரும் சேர்ந்தே நாடகம் பார்க்கப் போனார்கள். அவர்கள் நட்பில் அந்தச் சண்டையால் எதுவும் குறையவில்லை என்பது எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம்.

பிறகு ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஹோட்டல் கண்ணில் பட்டது. அங்கே ஒரு ஷில்லிங் கொடுத்து ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தை வாங்கிப் படித்தார். அதுவரை அம்மாவுக்காகச் சைவமாக இருந்தவர், அன்றிலிருந்து தானே விரும்பிச் சைவமானார்.

இதற்கிடையில், மரக்கறி சாப்பிட்டாலும் நானும் ஜென்டில்மேன்தான் என்று காட்ட வேண்டும் என்று ஒரு வேகம். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட், அண்ணனிடம் கேட்டு வாங்கிய இரட்டைத் தங்கச் சங்கிலி. டான்ஸ் கிளாஸுக்கு 3 பவுண்டு கட்டினார். தாளத்துக்குக் கால் வரவில்லை. தாளம் பிடிபடட்டும் என்று வயலின் வாங்கினார், அதற்கும் 3 பவுண்டு. மேடைப் பேச்சு கற்றுக்கொள்ள ஒரு ஆசிரியர். இந்தக் கூத்து மூன்று மாதம் ஓடியது. அப்புறம் ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதும் ஆளாக மாறி, ஒற்றை அறையில் ஸ்டவ் வைத்து ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்.

ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான பள்ளி, கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தில் அபூர்வம். அதனால் அங்கே இருந்த இந்தியப் பையன்கள் பலர் தங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லி, தங்கியிருந்த குடும்பங்களின் பெண்களோடு சகஜமாகப் பழகினார்கள். காந்தியும் அதைச் செய்தார். ஒரு வயதான அம்மாள் தனக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவைக்கிறார் என்பது புரிந்தபோது பயந்துபோய், எனக்குக் கல்யாணமாகி ஒரு மகனும் இருக்கிறான் என்று கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காந்திக்கு நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. சைவ சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார், ஆனால் கூட்டத்தில் பேசமாட்டார். வென்ட்னர் என்ற ஊரில் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன உரையைப் படிக்க எழுந்தார். கண் மங்கி, கை நடுங்கி, கடைசியில் கூட வந்த மஜும்தார் என்ற நண்பர்தான் அதைப் படித்தார். அப்படிப்பட்ட ஆளுக்கு எந்த இடத்தில் நாக்கு சரளமாகும்? மைக் இல்லாத, மேடை இல்லாத, கையில் சீட்டு இருக்கிற இடத்தில்.

அந்த ராத்திரி

போர்ட்ஸ்மவுத்தில் சைவ உணவாளர்களின் மாநாடு நடந்தது. காந்தியையும் இன்னொரு இந்திய நண்பரையும் அழைத்திருந்தார்கள். சுயசரிதையில் காந்தி தரும் வருஷம் 1890. சைவ சங்கங்களின் பத்திரிகைப் பதிவுகளில் 1891 மே மாதம் போர்ட்ஸ்மவுத்தில் நடந்த கூட்டத்தில் இந்திய உணவுகள் பற்றி அவர் கட்டுரை படித்த செய்தி இருக்கிறது. அதைப் படித்தபோது நடுங்கினாரா என்பது வேறு விஷயம்.

வெளியூரிலிருந்து வந்தவர்களை ஊரில் ஆங்காங்கே வீடுகளில் தங்கவைத்தார்கள். இவர்கள் இருவருக்கும் கிடைத்த வீடு அவ்வளவு நல்ல பெயர் உள்ள வீடு இல்லை. அமைப்பாளர்களுக்கு அது தெரியாது, அவர்கள் மேல் தப்பில்லை என்று காந்தியே எழுதுகிறார். கப்பல்காரர்கள் வந்துபோகும் ஊரில் நல்ல வீடு எது, மற்றது எது என்று இரண்டு நாள் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாநாட்டிலிருந்து சாயங்காலம் திரும்பினார்கள். சாப்பிட்டார்கள். சீட்டுக்கட்டு வந்தது. வீட்டுக்காரப் பெண்ணும் ஆட்டத்தில் உட்கார்ந்தார். இங்கிலாந்தில் கௌரவமான குடும்பங்களிலும் இது வழக்கம்தான் என்பதால் காந்திக்கு இதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

ஆடியது என்ன ஆட்டம்? சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ப்ரிட்ஜ் என்று இருக்கிறது. ஆனால் லண்டன் கிளப்புகளில் ப்ரிட்ஜ் சூடுபிடித்தது 1894-ஐ ஒட்டித்தான். அதற்கு முன்னால் இங்கிலாந்து வீடுகளில் எங்கு பார்த்தாலும் விஸ்ட்தான். ப்ரிட்ஜுக்கு அம்மா மாதிரி. இரண்டிலும் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் ஒரு ரப்பர். சட்டென்று முடிகிற விஷயம் இல்லை. நடுநடுவே பேச்சுக்கு நிறைய நேரம் கிடைக்கும். நம் ஊரில் ரம்மி ஆடும்போது சீட்டை விட வாய்தான் அதிகம் வேலை செய்யும் இல்லையா, அதே கதை.

முதலில் சாதாரண ஜோக்குகள். கொஞ்ச நேரத்தில் நண்பரும் அந்தப் பெண்ணும் இரட்டை அர்த்தத்துக்குத் தாவினார்கள். நண்பர் இதில் இவ்வளவு கெட்டிக்காரர் என்பது காந்திக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, எழுந்து போகவில்லை. அவருக்கும் அது பிடித்துப்போய், தானும் சேர்ந்துகொண்டார். பேச்சு ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் சீட்டு எல்லோருக்கும் மறந்துபோனது. பேச்சைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம் என்கிற நிலை.

அந்த நொடியில் நண்பர் தடுத்தார். உனக்குள் இந்தச் சாத்தான் எப்படிப் புகுந்தது, இது உனக்கு வேண்டாம், ஓடிப்போ என்கிற பொருளில் எச்சரித்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். தடுத்தவர் யார்? அந்தப் பேச்சை ஆரம்பித்த அதே ஆள். தனக்கு அவர் எந்தக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளவில்லை. காந்தி மறுநாள் ஊரை விட்டுப் போன பிறகும் அங்கேயே சில நாள் தங்கியிருந்தவர். ஆனால் மோகன்தாஸுக்கு ஒரு சத்தியம் இருக்கிறது, இவன் இதைத் தாண்டினால் அப்புறம் தாங்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. காந்தி அவர் பெயரைக் கடைசி வரை எழுதவில்லை. நல்ல நண்பர் என்றுதான் குறிப்பிடுகிறார். கடவுளே அந்த நண்பர் வழியாகத் தன்னைக் காப்பாற்றினார் என்று நம்பினார்.

காந்திக்கு வெட்கமாகிவிட்டது. அம்மாவிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. சீட்டை அப்படியே போட்டுவிட்டு அறைக்கு ஓடினார். உடம்பெல்லாம் நடுக்கம், நெஞ்சு படபடப்பு. மனைவியைத் தவிர வேறொரு பெண்மேல் தனக்கு ஆசை எழுந்தது அதுதான் முதல் தடவை என்று எழுதுகிறார். ராஜ்கோட்டில் காப்பாற்றியது கூச்சம். போர்ட்ஸ்மவுத்தில் அந்தக் கூச்சம் சிரிப்பில் கரைந்துபோயிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை அவ்வளவு பயந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

ராத்திரி முழுக்க யோசனை. இந்த வீட்டை விட்டுப் போய்விடலாமா? ஊரை விட்டே ஓடிவிடலாமா? நண்பர் தடுக்காமல் இருந்திருந்தால்? கடைசியில் வீட்டைக் காலி செய்யாமல், எப்படியாவது ஊரை விட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தார். மறுநாள் சாயங்காலமே கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் பற்றி ஒரு வார்த்தை. சுயசரிதையில் அவருக்குப் பெயர் இல்லை. அவர் பக்கக் கதையும் இல்லை. தன் வீட்டில் தங்கியவர்களோடு சீட்டாடினார், ஜோக் அடித்தார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இன்றைக்கு வாசிக்கும்போது காந்தி அவரையும் அந்த ஊர்ப் பெண்களையும் எடைபோடும் விதம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று, பழியை அவர்மேல் போட்டுத் தான் தப்பிக்கக் காந்தி பார்க்கவில்லை. எனக்குப் பிடித்தது, நானும் சேர்ந்தேன் என்று எழுதிவிட்டார்.

சத்தியம் என்ற கருவி

சத்தியம் என்பதைக் காந்தி எப்படிப் பார்த்தார் என்பதற்கு லண்டனிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. மாமிசம் என்றால் என்ன என்று அங்கே மூன்று விதமான விளக்கங்கள் புழக்கத்தில் இருந்தன. ஒன்றின்படி பறவையும் மிருகமும் மட்டும் மாமிசம், மீன் இல்லை. இன்னொன்றில் மீனும் மாமிசம், ஆனால் முட்டை சாப்பிடலாம். காந்தி கொஞ்ச நாள் முட்டை சாப்பிட்டும் பார்த்தார். பிறகு, சத்தியத்தை வாங்கிக்கொண்டவர் அம்மா, அவர் என்ன நினைத்து வாங்கினாரோ அதுதான் அர்த்தம் என்று முடிவு செய்து முட்டையை விட்டார். முட்டை கலந்த கேக், புட்டிங் எல்லாம் போயிற்று. பாரிஸ்டர் ஆகப்போகிறவர் சட்டத்தில் ஓட்டை தேடவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

பல வருஷங்கள் கழித்து, 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடினார்கள். கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாக உறுதி எடுத்தார்கள். சத்தியாகிரகம் அங்கேதான் பிறந்தது. உறுதியெடுக்கும் முன் காந்தி அந்தக் கூட்டத்தை எச்சரித்தார். கை தூக்குவது சுலபம், பின்னால் தனியாக நிற்க வேண்டி வந்தாலும் காப்பாற்ற முடியுமா என்று ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற அர்த்தத்தில் பேசினார். அதே 1906-ல்தான் பிரம்மச்சரிய விரதமும் எடுத்தார். அந்த விரதத்தை அவர் பின்னாளில் சோதித்துப் பார்த்த விதங்கள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானவை, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சுயசரிதை 1925 முதல் நவஜீவன் வாரப் பத்திரிகையில் குஜராத்தியில் தொடராக வந்தது. மகாதேவ தேசாய் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, யங் இந்தியாவிலும் வெளியானது. காந்திக்கு அப்போது 56 வயது. காங்கிரஸ் தலைவராக இருந்து முடித்தவர். வாராவாரம் தன் ஆட்டுக்கறி, விடுதி, பொய், சீட்டாட்டம் எல்லாவற்றையும் ஊரறிய எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியிருக்காவிட்டால் போர்ட்ஸ்மவுத் ராத்திரி யாருக்கும் தெரிந்திருக்கப் போவதே இல்லை.

கப்பல் திரும்பியபோது

1891 ஜூன் 10 அன்று காந்தி பாரிஸ்டர் ஆனார். 11-ம் தேதி உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்தார். 12-ம் தேதி கப்பல் ஏறிவிட்டார். ஊர் சுற்றிப் பார்க்கக்கூட ஒருநாள் கூடுதலாக இருக்கவில்லை.

மூன்று சத்தியமும் முழுசாக இருந்தது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பில் பம்பாய் வந்து இறங்கினார். துறைமுகத்துக்கு அண்ணன் வந்திருந்தார். தம்பி இங்கிலாந்தில் இருக்கும்போதே அம்மா இறந்துபோயிருந்தார். அந்நிய ஊரில் தனியாக இந்த அடியைத் தாங்க வேண்டாம் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். அன்றுதான் அண்ணன் சொன்னார். அப்பா போனபோது பட்டதை விடப் பெரிய துக்கம் என்று காந்தி எழுதுகிறார். ஆனால் அவர் வாய்விட்டு அழவில்லை. வந்த அழுகையையும் அடக்கிக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி அன்றாட வேலைகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடல் தாண்டிய தோஷம் போக, அண்ணன் அவரை நாசிக் கூட்டிப்போய் ஆற்றில் குளிக்க வைத்தார். ராஜ்கோட்டில் சாதி விருந்து போட்டார்கள். சாதிக்காரர்களில் ஒரு பிரிவு அப்போதும் ஏற்றுக்கொள்ளவில்லை. தடையை மீறி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, அக்கா வீட்டிலும் மாமனார் வீட்டிலும் காந்தி ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.